பங்குனியில் சிக்காத ஏசி அண்ணன்

மதுரையில் வசந்த காலம் என்று ஒன்று இருப்பதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் வில்லாபுரத்து ஏசி அண்ணன்தான். எங்களுக்கெல்லாம் மார்கழிப் போர்வையை மடித்துப் பரணில் போட்ட மறுநாளே ரிமோட்டுக்கு பேட்டரி தேடுகிற காலம் வந்துவிடும். நடுவில் ஒரு பருவம் வந்து போவதைக் கவனித்தவர் அவர் ஒருவரே. அவருடைய தொழில் ஏசி ரிப்பேர் என்பதுதான் இதில் விசேஷம்.

பங்குனி பிறந்தால் ஊரில் பாதி ஏசி படுத்துவிடும். அண்ணன் ஓடி ஓடிச் சம்பாதிக்க வேண்டிய நேரம். அப்போது பார்த்துத்தான் மொபெட்டை எடுத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் காட்டுப் பக்கம் போய்விடுவார். போனில் பிடித்தால் வாய் கூசாமல் பொய் வரும்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பெரியார் பஸ் ஸ்டாண்டுல மாப்ள. அம்புட்டு கூட்டம்."

"மயில் கத்துற சத்தம் கேக்குதேண்ணே?"

"அது கண்டக்டரு."

நேரில் மடக்கிக் கேட்டால் வேறு பதில். "பொட்டிக் காத்தைச் சரி பண்றது என் பொழப்பு மாப்ள. அதுக்காக நானும் பொட்டிக் காத்தையா குடிக்கணும்?"

சாப்பாட்டிலும் கொள்கை உண்டு. வெள்ளரிப்பிஞ்சைக் கடையில் வாங்க மாட்டார். கொடியிலிருந்து பறித்து, கைலியில் துடைத்து, அங்கேயே நின்று கடிக்க வேண்டும். "வரப்பைத் தாண்டிருச்சுன்னா அது வெறும் காய்கறி" என்பார்.

பறவைகள் மேல் பிரியம் கொள்ளை. ஞானம்தான் கொஞ்சம் மட்டு. பனங்காடையைக் காட்டி "மீன்கொத்தி" என்று அடித்துச் சொல்வார். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஒரு சொட்டு இருக்காது. கேட்டால், "அது லீவுல வந்துருக்கு" என்று பதில் வரும். ஒருமுறை வங்கி மேனேஜர் வீட்டு அவுட்டோர் யூனிட்டைத் திறந்தவர், உள்ளே அணில் குட்டி போட்டிருப்பதைப் பார்த்து அப்படியே மூடிவிட்டார். "கண்ணு தொறக்கட்டும் சார், அப்பறம் வாரேன்." மேனேஜர் குடும்பம் கொஞ்ச நாள் மொட்டை மாடியில் படுத்தது.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகளைப் பெண் பார்க்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. அவள் கப்பலூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அங்கே மிஷினே நின்றுவிடுகிற அளவுக்குப் பேசுவாள் என்று கேள்வி. ஆனால் முந்தைய வரன் வந்தபோது தட்டைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றாள். போகிறபோது பையனின் அம்மா, "பொண்ணுக்குப் பேச வரும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த இடமும் அப்படிப் போய்விடுமோ என்று எங்களுக்குக் கவலை.

அன்று காலையில் ஏசி ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றுபோனது. எங்களுடையது மேல் மாடி. கதவைச் சாத்தினால் இட்லி வேகும்.

"அந்த மனுசன் இல்லாம வீட்டுக்குள்ள கால வைக்காதீங்க" என்றாள் மனைவி.

காரை எடுத்துக்கொண்டு போனேன். நாகமலைக்கு அப்பால் அவர் வழக்கமாகப் போகிற வெள்ளரித் தோட்டத்தை ஒட்டிய தரிசில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் கோபத்தில் பாதி காணாமல் போயிற்று. புங்க மரங்கள் தளிர்விட்டுப் பளபளத்தன. அடியில் பொரி கொட்டியதுபோல் பூ. வேப்பம்பூ வாசத்தைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. இதைத்தான் நான் வருஷாவருஷம் கரண்ட் பில் கட்டி வாங்கிக்கொண்டிருந்தேன்.

பனையடியில் அண்ணன் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நம்ம புள்ள விசயம், வராம இருப்பனா? ஒரு நுங்கு குடிச்சிட்டுக் கெளம்புவோம்."

ஒன்று பலவாகி, நடுவே வெள்ளரிப்பிஞ்சும் முடிந்து காருக்குத் திரும்பினால், ஒரு ஆள்காட்டிக் குருவி வண்டியைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. அண்ணன் குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார்.

"மாப்ள, வண்டிக்கு அடியில முட்டை."

மண் நிறத்தில் நாலு. முன் சக்கரத்திலிருந்து உள்பக்கமாக ஒரு சாண் தூரம். நான் அதைத் தாண்டித்தான் நிறுத்தியிருக்கிறேன், தெரியாமலே.

"நேரா ரிவர்ஸ் எடுத்தா ஒண்ணும் ஆகாது. எடுப்பீகளா?"

நான் ரிவர்ஸ் எடுப்பதற்கு எங்கள் தெரு காம்பவுண்ட் சுவர்கள் எல்லாம் சாட்சி. அண்ணனுக்கு மொபெட்டோடு சரி. நாங்கள் விழித்துக்கொண்டிருக்கையில் மனைவியிடமிருந்து போன். ராகு காலத்துக்கு முன்பே வந்துவிடலாம் என்று அவர்கள் சீக்கிரமே கிளம்பி, செக்கானூரணி தாண்டிவிட்டார்களாம். இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன். என்ன சொல்வதென்று திணறுவதற்குள் அண்ணன் பிடுங்கிக்கொண்டார்.

"அய்யா வணக்கம். நான் ஏசி மெக்கானிக்கு. வீட்டுல ஏசி ஓடல. எங்களால வரவும் முடியல, வண்டிக்கு அடியில குருவி முட்டை. நீங்க இங்கிட்டே வந்துருங்க, காத்து நல்லாருக்கு."

சம்பந்தம் முடிந்தது என்று நான் புங்க மரத்தில் சாய்ந்துவிட்டேன்.

"என்ன குருவி?" என்றது போன்.

"ஆள்காட்டிங்கய்யா."

"அப்ப வண்டியத் தொடாதீக. வந்துர்றோம்."

வீட்டுக்கும் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் வந்து கொஞ்ச நேரத்தில், பட்டுச்சேலையும் கேசரித் தூக்குமாக என் மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்த பார்வையில் வேறொரு நாளாக இருந்தால் பற்றிக்கொண்டிருப்பேன். பின்னாலேயே இறங்கிய மகள் நேராகக் காரடியில் போய்க் குனிந்தாள். மாப்பிள்ளைப் பையன் என்னிடம் சாவி கேட்டான்.

"நேரா பின்னாடி போங்க" என்றாள் மகள், முட்டைகளுக்கு எதிரே குத்தவைத்து. "ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க. நேரா... ஐயோ, மெதுவாங்க!"

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். போங்க, போங்க... நிறுத்துங்க! எறங்கி வந்து பாருங்க, ஒண்ணுமே ஆகல!"

பையன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தான். இருவரும் தள்ளிப் போய் நின்றதும், குருவி நடந்து வந்து சிறகை உதறி முட்டை மேல் உட்கார்ந்தது. பெரியவர்கள் யாரும் மூச்சுவிடவில்லை. சின்னவர்கள் இரண்டு பேர் மட்டும் வெள்ளரிக் கொடிப் பக்கம் நடந்துகொண்டே பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நிழலில் எல்லோரும் நுங்கோடு உட்கார்ந்தோம். முழங்கை வரை வழிந்ததைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா அண்ணனைக் காட்டினார்.

"போன்ல மெக்கானிக்குன்னாக. எல்லாத்தையும் முன்னாடி நின்னு பாக்குறாகளே, பொண்ணுக்கு என்ன முறை வேணும்?"

அண்ணன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பெரியப்பாங்க. எங்க வீட்டுல எல்லாம் அவரைக் கேட்டுத்தான்."