தம்பிக்குத் தங்கையான அக்கா

பேராக் மாநிலத்திலேயே சொந்தத் தம்பிக்குத் தங்கையாகிவிட்ட ஒரே அக்கா, எங்கள் ஐசி அக்காதான். சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாருக்கும் நேரமில்லை. ஏழு வயது நிறைந்த அன்று தானே நடந்து போய், பதிவேடு எழுதும் தோட்டத்துக் கிராணி முன்னால் நின்றார். அக்கா அன்றுதான் பிறந்ததாகப் பதிந்துவிட்டார் அந்தப் புண்ணியவான். மூன்று வயது இளைய தம்பியை மட்டும் ஒழுங்காகப் பதிந்திருந்தார்கள்.

ஈப்போ மருத்துவமனையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்குக் கருப்பையில் கட்டி, அவருக்குக் கருப்பை இறக்கம். பாட்டி என்று கூப்பிட்ட நர்ஸிடம் ஐசி என்கிற அடையாள அட்டையை நீட்டினார்.

"எந்தப் பாட்டி? ஐசியப் பாரு லா. அறுபத்தி ரெண்டுதான்."

மயக்க மருந்து டாக்டரம்மா வந்தபோதும் அதே அறுபத்திரண்டு. பக்கத்தில் மைலோ ஆற்றிக்கொண்டிருந்தார் தம்பி.

"அண்ணே, உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தாறு டாக்டர்."

"இவங்க தங்கச்சியா?"

"இல்ல லா, அக்கா."

மாட்டிக்கொண்ட பிறகும் அக்கா அசரவில்லை.

"அறுபத்தொம்போது. சொன்னா வயசாச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிருவீங்க. என்னால குனிஞ்சு கூட்ட முடியல, பஸ்ல உக்கார முடியல. இன்னும் எத்தன வருசம் இதோட நடக்கிறது?"

"ஆபரேஷன் கண்டிப்பா இருக்கு. வயசு கூடினா மருந்து கொஞ்சமாப் போதும், மெதுவாக் கொடுக்கணும். பக்கத்துப் பொண்ணுக்குக் கொடுக்கிறத உங்களுக்குக் கொடுத்தா பிரஷர் இறங்கிரும். முழிச்சதும் கொஞ்சம் தடுமாறும், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் எங்கள் இருவருக்கும் ஆபரேஷன். நான் சீக்கிரமே விழித்து, விழித்த கையோடு வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். இள வயதுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலையும் சேர்த்து வாந்தி எடுத்தேன்.

அக்கா வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தார். திறந்தவர், "பெரட்டுக்கு நேரமாச்சு, பால் வெட்டுற கத்திய எங்க வச்ச?" என்று தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நிறுத்தி ஆள் கணக்கெடுத்த காலத்துக்கே போய்விட்டார். தம்பி ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தார். அக்கா திரும்பி வருவாரா என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. நர்ஸ் பேரைக் கேட்டார், அக்கா கத்தியைத்தான் கேட்டார். நர்ஸ் அவர் காதருகே குனிந்தார்.

"அக்கா, உங்க வயசு என்ன?"

கண்கள் மெல்லத் தம்பியைத் தேடின.

"ஐசி வயசா, நெஜ வயசா?"

தம்பி அழுதார். நான் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த பிறந்த நாளில் அக்காவுக்கு அறுபத்துமூன்றும் எழுபதும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் கேக் வாங்கிப் போகப்போகிறேன். எனக்கு அவர் அத்தனை வேண்டியவராகிவிட்டார்.