மணிக்குத் தெரியாத பதில்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் தட்டிப் பார்க்கப் பொறுமையில்லை. பளபளவென்று இருந்தால் போதும், கும்பிட்டுவிடுகிறார்கள். அன்று அச்சகத்துக்குள் தெருவே முண்டியடித்துக் கும்பிட்டது ஒரு பித்தளை மணியை. கீழே நிற்பவன் நாத்திகனாக இருந்தால் அது தானாக அடிக்குமாம். காகிதக் கட்டுகளைத் திருடுபவன் நாத்திகன்தான் என்று முதலாளியிடம் அடித்துச் சொல்லியிருந்தார், அந்த மணியைக் கொண்டுவந்து மாட்டிய மணிச்சாமி. எவனுக்கு மணி அடித்தாலும் அவனுக்கு வேலை போச்சு.

காகித அறைக்குப் புதுப் பூட்டு மாட்ட வந்த பூட்டுக்காரர், பையை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அவருடைய மருமகன் அங்கேதான் மெஷின் ஓட்டுகிறான்.

"கடவுள் உண்டா?" என்றார் சாமி.

"உண்டுங்க சாமி" என்றாள் பைண்டிங் அக்கா. மணி வாயைத் திறக்கவில்லை.

அடுத்து மருமகன். "இல்லை."

கணகணவென்று அடித்தது. "நாளையிலேர்ந்து வராதே" என்றார் முதலாளி.

பூட்டுக்காரர் மருமகனிடம் ஓடினார். அவர் மகளுக்கு இது ஏழாம் மாதம்.

"உண்டுன்னு சொல்லித் தொலைச்சா என்ன மாப்ளே?"

"இல்லாததை எப்படி மாமா உண்டுங்கறது?"

"ஆமா, நீ போய்ப் பாத்துட்டு வந்தே."

முணுமுணுத்துக்கொண்டே அவரும் மணிக்குக் கீழே போய் நின்றார். சாமி அதே கேள்வியைக் கேட்டார்.

"தெரியாது."

மணி 'டிங்' என்றது. நின்றது. யோசித்து இன்னொரு அரை 'டிங்' போட்டது. இந்தப் பதில் அதன் பாடத்தில் இல்லை போலும். கூட்டம் சிரித்தது.

"தெரியாதுன்னாலும் நாத்திகன்தான்யா" என்று சாமி அதட்டினார். உடனே கணகண.

"அது எப்படி? அவன் பெட்டி காலிங்கறான். நான் பெட்டியைத் திறக்கவே இல்லைங்கறேன். ரெண்டும் ஒண்ணா? நீங்க விளக்கம் சொன்னப்புறம்தானே உங்க மணிக்கே புரியுது." முதலாளியின் பக்கம் திரும்பினார். "முதலாளி, நீங்க வந்து நின்னு வாயளவுல மட்டும் இல்லைன்னு சொல்லுங்க. உங்க பக்தி மணிக்குத் தெரியாமலா போகும்?"

சாமிக்குத் திடீரென்று இருமல் வந்தது. நிற்கவேயில்லை. முதலாளி கண்ணை மூடி, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "இல்லை" என்றார்.

கணகணகண.

"நானா நாத்திகன்?" முதலாளிக்கு முகம் செத்துவிட்டது.

பூட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். மணியிலிருந்து ஒரு நைலான் இழை கூரையோடு ஓடிக் காகித அறைக்குள் நுழைந்தது. திருப்புளியால் உள்தாழ்ப்பாளை நெம்பினார். உள்ளே சாமியின் மச்சான், காதைச் சுவரிலும் இழையை விரலிலும் வைத்துக்கொண்டு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். பாவம், குரலை வைத்து முதலாளியை அடையாளம் காண அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

சாமி ஒரே ஓட்டம். முதலாளி மருமகனைப் பார்க்காமலே, "மெஷினைப் போய்ப் பாருப்பா" என்றார்.

"பாத்தீங்களா மாமா, கடவுள் இல்லை."

"உள்ளே மச்சான் இருந்தான்னு பாத்தேன். கடவுள் இல்லைன்னு எங்கே பாத்தேன் மாப்ளே?"

பைண்டிங் அக்கா கிட்டே வந்தாள். "அண்ணாந்து பாத்தா கடவுள் இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சிடுமாண்ணே?"

"அது தெரியாது. எவன் இழுக்கறான்னு தெரியும்" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.