உள்ளும் புறமும் சிவந்த பதினொரு கொடிகள்

மனிதகுலத்தைத் திருத்திய மகான்கள் ஏராளம். திராட்சையைத் திருத்தப் புறப்பட்ட மகான்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையின் முடிவில் ஒயினுக்குப் பேர்போன அலசானி நதிக்கரைக்கு வந்திறங்கிய 'மதுவிலக்கு மேன்மைக் குழு'வினர் மட்டுமே. தலைவர் தோழர் யெர்மொலாய், திராட்சை விளையாத வடக்குச் சீமைக்காரர். திராட்சை தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். ஆகவே நடுநிலை தவறாதவர்.

குழு கொடிகளை 'ஒழுக்கமுள்ளவை', 'குடிப்புத்தி உடையவை' என்று இரண்டாகப் பிரித்தது. ர்காட்சிதெலி ரகம் வெளுத்த பழம் என்பதால் எச்சரிக்கையோடு பாதி தப்பியது. கிசி ரகம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதால் 'தலைமறைவுக் கும்பல்' என்று பதிவாயிற்று. வசமாகச் சிக்கியது சபெராவி என்ற கறுப்பு ரகம்தான்.

மாக்வலாவின் தோட்டத்தில் சபெராவி பதினொரு கொடி. எல்லாம் கணவன் ஷியோ நட்டவை. அலசானிக் கரையில் வேண்டியவனை ஒயினில் வாழ்த்துவார்கள், வேண்டாதவனைப் பீரில் வாழ்த்துவார்கள். ஷியோ வாழ்நாளில் ஒரே தடவைதான் பீரை உயர்த்தினான். அது அவன் கழுதைக்கு விஷம் வைத்தவனுக்கு. போன பனிக்காலத்தில் ஷியோ இறந்துபோனான். முதல் வருஷ நினைவு விருந்தில் அந்தக் கொடிகளின் ஒயினை ரொட்டியில் சொட்டி அவன் பெயரைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை. சாடியில் இருந்த பழைய ஒயினைக் குழு ஏற்கெனவே ஆற்றில் கொட்டி, ஆற்றையும் கண்டித்திருந்தது.

யெர்மொலாய் கையுறை மாட்டி ஒரு பழத்தைப் பிதுக்கினார்.

"பாத்தீங்களா! மத்த கறுப்புப் பழமெல்லாம் தோல்தான் கறுப்பு, உள்ள வெளுப்பு. இது சதை வரைக்கும் சிவப்பு. ஒயின் ஆகணும்னு முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கு."

"உள்ளயும் வெளியயும் சிவப்புன்னா, உங்க கட்சியிலகூட அப்படி ஒருத்தரும் இல்லையே தோழரே! இதுக்கு உறுப்பினர் அட்டை குடுங்க," என்றாள் மாக்வலா.

"அக்கா, வாயை மூடு," என்றான் பக்கத்து வீட்டு சக்ரோ. "உன்னையும் வேரோட பிடுங்கிருவாங்க."

மாக்வலா குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு அறுவடை. வருஷ விருந்துக்கு. அப்புறம் நானே வெட்டிப் போடறேன்."

"கருணை மனுவைக் குற்றவாளிதான் போடணும்மா. நீங்க மூணாவது ஆள்," என்றார் யெர்மொலாய் கனிவோடு.

கொடிகளுக்கு எழுதத் தெரியாததால் பதினொன்றும் அன்றே வெட்டப்பட்டன.

வருஷ நாள் வந்தது. அறுபது பேர் கூடினார்கள். மேற்பார்வைக்கு வந்த யெர்மொலாயை மாக்வலா பந்தியின் முதலிடத்தில் உட்கார வைத்தாள்.

"பீர் இருக்கு தோழரே. அதுவும் கூடாதா?"

அவர் ஆணையைப் புரட்டிப் பார்த்தார். "இதுல கொடியைப் பத்தி மட்டும்தான் போட்டிருக்கு. பார்லி என் துறை இல்லை. ஊத்துங்க!"

ஷியோவின் பெயரைச் சொன்னபோது ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. ரொட்டி காய்ந்தே கிடந்தது. பிறகு மாக்வலா எழுந்து பீரை உயர்த்தினாள்.

"தோழர் யெர்மொலாய் நல்லா இருக்கணும்! அவர் குழு நல்லா இருக்கணும்! எங்களுக்குச் செஞ்சதெல்லாம் அவருக்கும் கிடைக்கணும்!"

அறுபது பேரும் ஒருசேர எழுந்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்கள். சக்ரோ கோப்பையை மறுபடி நீட்டினான். "இன்னொரு தடவை ஊத்து அக்கா. அவரை எவ்வளவு வாழ்த்தினாலும் போதலை."

யெர்மொலாய்க்குக் கண் கலங்கிவிட்டது. 'மக்கள் முழு மனதோடு வாழ்த்தினார்கள்' என்று மேலிடத்துக்கு எழுதினார்.

குழு அனுப்பிய அத்தனை அறிக்கைகளிலும் பொய் கலக்காத வரி அது ஒன்றுதான்.