நீலப் பசை

அது பாரசீகப் புத்தாண்டுக்குப் பிந்தைய முதல் வெள்ளிக்கிழமையா, இரண்டாவதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஹூஷங்கைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பசை நீல நிறம் என்பது மட்டும் நிச்சயம்.

ஈரானின் ஷிராஸ் நகரில் அவர் இருந்தது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் மாமனார் மாமியார் படத்தை, களிமண்போல் பிசையும் ஒட்டுப்பசை உருண்டைகளால் கதவோரச் சுவரில் ஒட்டியிருந்தார். அவர்களை விருந்துக்கு அழைத்துவர மனைவி மஹ்ருக் போயிருந்த நேரத்தில் படம் விழுந்தது. எடுக்க ஓடியவர் கம்பளத்தில் கிடந்த ஓர் உருண்டையை வெறுங்காலால் நன்றாக மிதித்துவிட்டார்.

கம்பளம் மாமியார் தூரான் கொடுத்த சீர். ஒருமுறை அதில் மாதுளை முத்து ஒன்று விழுந்ததற்கு அவர் மூன்று மாதம் பேசவில்லை. மஹ்ருக்கும் தாயின் கட்சி. ஊரில் எல்லோரும் ஆண்டுக்கொரு முறை தேய்மானம் சமமாகட்டும் என்று கம்பளத்தை முனை மாற்றிச் சுற்றிப் போடுவார்கள். தூரான் அதற்கும் விடவில்லை. பன்னிரண்டு வருடமாக சோபாவின் இடது ஓரத்தில்தான் உட்கார்வார், காவல் இருப்பதுபோல.

ஹூஷங் நகத்தால் கிள்ளினார். பசை நூல் நூலாக நீண்டது. கீழ்வீட்டுக்காரர் பனிக்கட்டி வைத்து இறுகவிடச் சொன்னார். பொறுமை யாரிடம் இருக்கிறது? இரண்டே நிமிடத்தில் துண்டால் தேய்த்தார். உள்ளங்கை அளவு கறை ரொட்டி அளவானது.

கைபேசி அடித்தது. "பாலம் தாண்டிட்டோங்க," என்றாள் மஹ்ருக். "கம்பளம் பத்திரமான்னு அம்மா கேக்குறாங்க."

"அதுக்கென்ன, இருக்கு."

"ஏன் மூச்சு வாங்குது?"

"சும்மாதான்."

புத்தாண்டு மெழுகுவத்தி சொட்டினால் காகிதம் வைத்துச் சூடாகத் தேய்த்து எடுப்பது வழக்கம். அவரும் செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மெழுகு காகிதத்துக்கு வரும். பசை கம்பளத்துக்குள் போயிற்று. போதாததற்கு ரோஜாப்பூவின் மேல் கால்பந்துச் செய்தி ஒன்று தெளிவாகப் பதிந்தது.

கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டி முடித்தபோது பசையும் இல்லை, பூவும் இல்லை. வழுக்கைதான் இருந்தது.

வாசலில் கார் நின்றது. அவர் சோபாவை நகர்த்தி, கம்பளத்தை அரைவட்டம் சுற்றி இழுத்தார். தான் வெட்டிய வழுக்கை சோபாவுக்கடியில் மறையும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. தூரான் ஓரடி வைத்து நின்றார். முகம் வெளுத்தது. ஹூஷங் அவர் பார்வையைத் தொடர்ந்தார். கதவோரத்தில், அதே மூலையில், ஒரு வழுக்கை.

சுற்றியது கனவா?

"அத்தை, நான்தான். தெரியாம வெட்டிட்டேன்."

எப்போதும் வாய் திறக்காத மாமனார் மெல்லக் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். வழுக்கை முக்கோணமாக இருந்தது. மேலே சிவப்புப் பேனாவால் ரோஜா வரைந்திருந்தது.

"இது நீங்க பண்ணினது இல்ல மாப்பிள்ளை," என்றார். "உங்க கல்யாணத்தன்னிக்கு மெழுகு சொட்டிச்சு. இஸ்திரிப் பெட்டிய வச்சுக் கருக்கினது நான். பூ வரைஞ்சு சோபாவுக்கடியில மறைச்சது உங்க அத்தை."

இப்போது கதவோரத்தில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. சோபாவை யாரும் நகர்த்துவதில்லை. அதன் இடது ஓரத்தில் ஹூஷங் உட்கார்கிறார்; தூரான் தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்கிறார்.