ஃபெலேட்டி வீட்டு மஞ்சள் மூடி

குழந்தையே இல்லாத வீட்டின் மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியில் டயப்பர் கிடந்தது. ஒன்றல்ல, ஒரு குவியல்.

ஃபெலேட்டி மூடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். மூடினான். மறுபடி திறந்தான். அவை போகவில்லை.

"லாங்கி! நம்ம வீட்டுல எப்படி குழந்தை பொறந்துச்சு? எனக்குத் தெரியாம?"

அவன் மனைவி லாங்கி சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினாள். "அது மூப்பர் இசாயாவோட பேத்தியோடது. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு கொண்டாந்து குடுத்தாரு."

"டயப்பரையா?"

"நீங்க குப்பை பிரிக்கற ஷெட்டுல இருக்கீங்களாம். 'நம்ம ஆளு உள்ளயே இருக்கான், பாத்துக்குவான்'னாரு. ரெண்டு கையாலயும் நீட்டுனாருங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

சமோவாக்காரர் வீட்டு வாசலில் ஒருவர் இரண்டு கையாலும் நீட்டியதை வேண்டாம் என்று தள்ள முடியாது. பன்றித் தொடையோ, பாயோ, பிய்ந்த செருப்போ, வாங்கித் தலை தாழ்த்தி நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர்கள் சர்ச் சபையில் மெக்கானிக் வீட்டுக்கு ஓடாத கார் எல்லாம் வரும். நர்ஸ் வீட்டுக்கு வீங்கிய கால் எல்லாம் வரும். ஃபெலேட்டி வீட்டுக்குக் குப்பை வந்தது.

வேறு வாரமாக இருந்தால் அவன் பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்திருப்பான். ஆனால் அன்று மதியம் ஷெட்டில் மேஸ்திரி டேரில் அவனைத் தனியே கூப்பிட்டிருந்தான்.

"கவுன்சில்ல இருந்து பிரையனி வந்துச்சு. நாளைக்குக் காலையில உன் வீட்டு மஞ்சத் தொட்டியப் படம் புடிக்கணுமாம். பிரிஸ்பேன் பக்கம் பூரா போட்டுக் காட்டப் போறாங்களாம்."

"என் வீட்டுதா? எதுக்கு?"

"பெல்ட்டுல நிக்கறவன் வீடுன்னா ஜனங்க காது குடுப்பாங்களாம். ஒண்ணையும் மாத்தக் கூடாது, எப்பவும் போல இருக்கட்டும்னு அழுத்தி அழுத்திச் சொல்லிச்சு. இது மட்டும் நல்லபடியா முடியட்டும், அந்த நிரந்தர வேலை உனக்குத்தான். நான் பொறுப்பு."

நிரந்தர வேலை. ஃபெலேட்டிக்கு அந்த வார்த்தையே தின்பதற்கு உகந்த பொருள் போலிருந்தது. இத்தனை வருஷமும் அவன் தினக்கூலி. விடியுமுன் எழுந்து, இன்றைக்கு வேலை உண்டா என்று ஃபோனின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். உண்டென்றால் பெல்ட். ஊரின் மஞ்சள் மூடிகள் எல்லாம் அதில் கவிழ்ந்து ஓடிவரும். அட்டை, பாட்டில், தகர டப்பா போக மிச்சத்தைக் கையால் பிடுங்கி எறிய வேண்டும். யாரோ போட்ட தோட்டக் குழாய் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எல்லாம் நின்றால், கத்தியோடு உள்ளே இறங்குவதும் அவன்தான். வலது தோள் போய்விட்டது. டாக்டர் ஓய்வு எடு என்கிறார். தினக்கூலி ஓய்வு எடுத்தால் அந்த இடத்தில் மறுநாள் வேறு தோள் நிற்கும்.

'எப்பவும் போல' என்றதுதான் அவனுக்குச் சிக்கல். இந்தப் பிரையனி சில வாரமாகவே லாரி வருமுன் தெருவில் நடந்து, ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்க்கிறவள். அவன் வீட்டுத் தொட்டியருகே மட்டும் அதிக நேரம் நிற்பாள். ஃபோனில் படம் எடுப்பாள். லாங்கி ஒரு நாள் தேங்காய்ப் பால் ரொட்டி கொடுத்தபோது, "உங்க தொட்டி மாதிரி நான் பாத்ததே இல்லை!" என்று சிரித்துவிட்டுப் போனாளாம்.

'மேலாக அட்டைப்பெட்டி கிடந்திருக்கும். பாவம், ஏமாந்துவிட்டாள்' என்று ஃபெலேட்டி நினைத்தான். நாளை கேமராவுக்கு முன்னால் அடிவரை கிளறுவாள். அப்போது?

தொட்டியைப் புல்தரையில் கவிழ்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து முழுவதும் வெளியே வந்தது. எண்ணெய் ஊறிய காகிதத் தட்டு, கழுவாத மாட்டிறைச்சி டின், வாழையிலை, தேங்காய் ஓடு, யாருடைய கால்சட்டையோ ஒன்று, டயப்பர். அவன் உட்கார்ந்து கூறு கட்டினான். டின் கழுவினால் ஆகும். பாட்டில் மூடி கழற்றினால் ஆகும். தட்டு ஆகாது, எண்ணெய். ஓடு ஆகாது. கால்சட்டை ஆகாது. ஆகாதது எல்லாம் சிவப்பு மூடித் தொட்டிக்கு. அதுவும் கால்வாசியில் நிறைந்துவிட்டது, ஏனென்றால் முக்கால்வாசி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

வாசனை பிடித்து அரிவாள் மூக்கன் பறவைகள் வந்தன. வெள்ளை உடம்பும் கறுத்த மொட்டைத் தலையுமாக, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல் சுற்றி நின்று, நீண்ட மூக்கால் ஒரு டயப்பரைத் தூக்கித் தெருவின் நடுவில் வைத்தன.

அவற்றைத் துரத்த ஓடியபோது மூப்பர் இசாயாவின் வேன் வந்து நின்றது.

"என்ன ஃபெலேட்டி, கடை விரிச்சிட்டே? இன்னைக்கு வாங்கறியா?"

"இல்லைங்க ஐயா, நான் சும்மா..."

"சொல்லிருக்கலாமே முன்னாடியே! சபையில எல்லாரும் வச்சுக்கிட்டு எங்க போடறதுன்னு தவிக்கிறாங்க." அவர் ஃபோனை எடுத்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் சபையே வந்துவிட்டது. ஒருவர் தோட்டக் குழாய். ஒருவர் கார் பேட்டரி. பாடகர் குழுத் தலைவி தெர்மோகோல் பெட்டிகள், கிறிஸ்துமஸ் விளக்குச் சரம். எல்லாரும் இரண்டு கையாலும் நீட்டினார்கள். ஃபெலேட்டி ஒவ்வொன்றுக்கும் தலை தாழ்த்தினான். தோட்டக் குழாயை வாங்கும்போது மட்டும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்தியா, எவ்வளவு நெகிழ்ந்துட்டான்" என்றார் மூப்பர்.

அவர்கள் போன பிறகு அவன் பின்பக்கம் போய் டின்களைக் கழுவினான். தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் கழுவினான். திரும்பி வந்தபோது புல்தரை பளிச்சென்று இருந்தது. ஒரு தேங்காய் ஓடுகூட இல்லை. மஞ்சள் தொட்டியருகே லாங்கியின் தம்பி பாவுலோ கையைத் தட்டிக்கொண்டு நின்றான். கார் நிறுத்தும் அறையில் படுத்துக்கொண்டு வேலை தேடுகிறவன்.

"எப்படி மச்சான்? எல்லாத்தையும் கறுப்புப் பையில போட்டு முடிச்சுப் போட்டு உள்ள வச்சிட்டேன். டயப்பர் கண்ணுக்கே தெரியாது."

"பையிலயா?"

"சும்மா இல்ல, ரெட்டை முடிச்சு."

"டேய், பைதான்டா எல்லாத்துலயும் கேடு! பையில வந்தா உள்ள என்ன இருக்குன்னு எவனும் பிரிக்க மாட்டான். ஊசி இருக்கும், கண்ணாடி இருக்கும். அப்படியே தூக்கிப் போடுவோம், நேரா மண்ணுக்குள்ள போயிடும். நான் கழுவி வச்ச டின்னும் சேந்து போகும்! அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? நாள் பூரா தூங்கற ஆளுக்கு எப்படிடா இருக்கும்?"

கடைசி வாக்கியத்தை அவன் சொல்ல நினைக்கவில்லை. தோள்தான் சொன்னது. பாவுலோ உள்ளே போனான். தலையணையையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தான்.

"திருப்தியா?" என்றாள் லாங்கி. "ஒரு தொட்டிக்காக என் தம்பிய வெரட்டிட்டீங்க."

"தொட்டிக்காக இல்லடி. வேலைக்காக."

"அந்த வேலை வந்தா இந்த வாய் போயிடுமா?" ஜன்னல் சாத்திக்கொண்டது.

இனி ஒரே வழி அடுத்த வீட்டு நோரீன்தான். ஓய்வு பெற்ற லாரி டிரைவரம்மா. அவள் தொட்டியை வாரா வாரம் கிருமிநாசினி போட்டுக் கழுவுவாள். அட்டைகளை இஸ்திரி போட்டதுபோல் மடித்து வைப்பாள். அலுமினியத் தாள்களைச் சேர்த்து முஷ்டி அளவு உருண்டையாக்கிப் போடுவாள், சின்னதாகப் போட்டால் மெஷினில் நழுவிவிடும் என்று.

"உன் தொட்டிக்குப் பதிலா என் தொட்டியா?" நோரீன் வேலிக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டாள். "நான் என்ன, பைத்தியக்காரியா தம்பி?"

"ஒரே ஒரு காலைக்குத்தான் அக்கா. என் பொழப்பே இதுல இருக்கு."

நோரீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சனிக்கிழமை ஆனா என் வேலிச் செடியெல்லாம் நீதான் வெட்டணும். நான் சாகற வரைக்கும்."

"சரிங்க அக்கா."

"எங்க அம்மா ரொம்ப வருஷம் இருந்தா. யோசிச்சுக்கோ."

"சரிங்க அக்கா."

"அப்புறம் அந்த நாத்தம் ஒரு துளி என் வேலிப்பக்கம் இருக்கக் கூடாது. காலி பண்ணிக் கழுவித்தான் உன் தொட்டி என் வாசலுக்கு வரணும்."

காலி பண்ணுவது என்றால் குப்பை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். வண்டி இருப்பது ஒரே ஒருவரிடம்.

மூப்பர் இசாயா வேனோடு வந்தார். ஒரு பையைப் பிரித்து, ஏற்ற வேண்டியது என்ன என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது என் பேத்தியோட டயப்பர்."

"ஆமாங்க ஐயா."

"இது பாட்டுக்கார அம்மாவோட விளக்குச் சரம். நீ தலை தாழ்த்தி வாங்கினது. வாங்கினத ஒருத்தன் தூக்கி எறிஞ்சா நம்மள்ல அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சேதான் செய்யறியா?"

ஃபெலேட்டி அடுத்த பையைத் தூக்கி வேனில் வைத்தான். மூப்பர் அதற்குப் பிறகு பேசவில்லை. குப்பை மேட்டுக்குப் போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவனருகே இடம் காலியாக இருக்கும் என்று அந்த மௌனமே சொன்னது.

இருட்டும் நேரத்தில் அவன் காலித் தொட்டியைப் படுக்கப் போட்டு, தலையை உள்ளே விட்டுத் தேய்த்தான். உள்ளே குரல் எதிரொலித்தது. யாரும் கேட்க மாட்டார்கள் என்று கொஞ்சம் அழுதான். அதுவும் எதிரொலித்தது.

காலை விடிந்தது. அன்று ஃபோனில் வேலை உண்டென்று வந்திருந்தது. வர இயலாது என்று முதல்முறையாகப் பதில் போட்டான். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையும் கறுப்பு வேட்டியும் உடுத்தி, வாசலில் நோரீனின் தொட்டியருகே நின்றான். லாங்கி பேசவில்லை. ஆனால் காதோரம் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கோபம் வேறு, கேமரா வேறு.

கவுன்சில் வண்டி வந்தது. பிரையனி சிரித்துக்கொண்டே இறங்கினாள். பின்னால் கேமராக்காரர். அவருக்குப் பின்னால் டேரில், தலை வாரியிருந்தான்.

"எப்பவும் போலத்தானே வச்சிருக்கீங்க?"

"எப்பவும் போலத்தாங்க" என்றான் ஃபெலேட்டி. வாழ்க்கையிலேயே தடுமாறாமல் சொன்ன முதல் பொய்.

பிரையனி கேமராவைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் மூடியைத் தூக்கினாள்.

அவள் மூக்கைப் பொத்தியது ஃபெலேட்டிக்குக் கொஞ்சம் உறுத்தியது. பழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் கை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. உள்ளே மடித்த அட்டை, மூடி கழற்றிய பாட்டில், பளபளக்கும் டின், அலுமினிய உருண்டை. எலுமிச்சை வாசனைகூட வந்தது.

"இது உங்க தொட்டிதானா?"

"ஆமாங்க."

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு அடிவரை கிளறினாள். "ஒரு டயப்பர்கூட இல்லையா? அந்தத் தேங்காய் ஓடு?"

"சத்தியமா ஒண்ணுமே இல்லைங்க!" ஃபெலேட்டி நிமிர்ந்து நின்றான். தோள்கூட வலிக்கவில்லை. "வேணும்னா கவுத்துக் காட்டறேன்."

பிரையனி டேரிலைப் பார்த்தாள். டேரில் தன் பூட்ஸைப் பார்த்தான். கேமராக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார்.

"ஐயையோ, யாருங்க இதைக் கழுவினது?" என்றாள் பிரையனி. "எப்படிப் போடக் கூடாதுன்னு ஜனங்களுக்குக் காட்ட, இந்த வட்டாரத்துலயே படுமோசமான தொட்டின்னு வாரக்கணக்கா தேடிக் கண்டுபிடிச்சதே இந்த வீட்டைத்தானே!"