பதினாலாம் வட்டாரத்து மூஸ்

எங்க மாநிலத்துல யாருக்காவது மூஸ் சுடணும்னு ஆசை வந்தா, முதல்ல துப்பாக்கி வாங்கக் கூடாது. பொறுமை வாங்கணும். அது என் கடையில கிடைக்கும்.

ரஸ்ட் க்ரீக் ஊர்ல தூண்டில் புழு, தோட்டா, கையுறை, வேட்டை லைசென்ஸ் எல்லாத்தையும் ஒரே கல்லாவுல விக்கிறவன் நான். மூஸும் மான் ஜாதிதான். ஆனா குதிரையைவிட உயரம், கொம்பு மட்டும் கட்டில் அகலம். அதைச் சுட வருஷத்துக்கு ஒரே ஒரு ஆளுக்கு அனுமதிச் சீட்டு. கேக்குறவங்க நாலாயிரம் பேர். கிடைக்காதவனுக்கு ஆறுதலா வருஷம் ஒரு புள்ளி. யார்கிட்ட புள்ளி அதிகமோ அவனுக்குச் சீட்டு.

புள்ளி சும்மா வராது. விண்ணப்பக் கட்டணம், வாழ்விட மேம்பாட்டு முத்திரைக் கட்டணம், இணையத்துல கட்டினா சௌகரியக் கட்டணம், சௌகரியம் வேண்டாம்னு என் கடைக்கு வந்தா நேர்வருகைக் கட்டணம். ஒரு வருஷம் தவறினாலும், சீட்டு கிடைச்சுட்டாலும் சேர்ந்த புள்ளி அத்தனையும் பூஜ்யம்.

என்கிட்ட பத்தொம்பது புள்ளி இருக்கு. வனவிலங்குத் துறை கணக்குப்படி எனக்கு முன்னாடி நூத்திப் பதினோரு பேர்.

ஆரின் ஹால்வர்சன்கிட்ட இருபத்தொம்பது. மர அறுவை மில்லுல வேலை பார்த்து ஓய்வு வாங்கின ஆளு, வயசு அறுபத்தெட்டு, ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன். வீட்டுல கணப்பு அடுப்புக்கு மேல சுவத்துல ஆறடி இடத்தைக் கொம்புக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தான். இருபத்தொம்பது வருஷமா அவன் பொண்டாட்டி லோர்னா அங்க ஒரு நாள்காட்டி மாட்டக் கேட்டுக்கிட்டு இருந்தா. ஆரின் விடலை.

இந்த வருஷம் கடுதாசி வந்துச்சு. "தாங்கள் பதினாலாம் வட்டாரத்தின் மேற்படி மூஸுக்கு உரிய நபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்." ஆரின் கடை நடுவுல நின்னு அழுதுட்டான். எல்லாரும் கட்டிப் பிடிச்சோம். போன வருஷம் சீட்டு வாங்கின மெர்லும், அதுக்கு முந்தின வருஷம் வாங்கின வேய்னும் மட்டும் காப்பிக் கோப்பைக்குள்ள எதையோ தேடிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேருமே மயிரிழையில குறி தப்பினவங்க. பொறாமைன்னு நினைச்சோம்.

கட்டாய அறிமுக வகுப்புக்கு ஆரினோட நானும் போனேன். துறையே ஆள் மாறியிருந்துச்சு. கடற்கரை நகரத்துல இருந்து ஆலோசகர் வந்து, எங்களை இனிமே வேட்டைக்காரன்னு சொல்லக் கூடாது, வாடிக்கையாளர்னுதான் சொல்லணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருந்தார். சின்னத்துல இடது பக்கம் பார்த்த மூஸ் இப்ப வலது பக்கம் பார்த்துச்சு. எதிர்காலம் அந்தப் பக்கம் இருக்காம். வகுப்பு எடுத்தது டியர்ட்ரி வான்ஸ், வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவுத் துணை இயக்குநர்.

"மேடம், மொத்தம் எத்தனை மூஸ் இருக்கு?"ன்னான் ஆரின்.

"எண்ணிக்கை நிலையா இருக்கு சார்."

"நிலையான்னா?"

"போன வருஷம் இருந்த அளவு."

"போன வருஷம் எவ்வளவு?"

"அதுக்கு முந்தின வருஷ அளவு. பதினோரு வருஷமா ஒண்ணுகூட குறையலை. நாட்டுலயே நாங்கதான் முதல்."

"அப்ப நான் ஒண்ணைச் சுட்டுட்டா குறைஞ்சிடுமே?"

அந்தம்மா புன்னகை கொஞ்சமும் குறையலை. "அதுக்கு எங்க திட்டத்துல இடமே இல்லை சார்."

கூடவே ஒரு செயலியைக் காட்டினாங்க. பேரு 'நம்ம மூஸ் எங்கே?'. மூஸ் கழுத்துல ஒரு பட்டை, அதுல இருந்து சிக்னல், போன்ல ஒரு பச்சைப் புள்ளி. ஊரே அதுக்குச் சந்தா கட்டி வெச்சிருக்கு. பச்சைப் புள்ளி தினம் காடெல்லாம் சுத்தும், மத்தியானம் பன்னெண்டரைக்கு வெர்னா ஓட்டலுக்குப் பின்னாடி ஒரு மணி நேரம் நிக்கும். அங்கதான் ரோட்டுல பனிக்குத் தூவுற உப்புக் கிடங்கு இருக்கு. உப்பை நக்க வருதுன்னு எங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை அசையவே அசையாது. பக்தியுள்ள பிராணின்னு பாஸ்டரே பிரசங்கத்துல சொன்னார்.

வேட்டைக் காலம் ஒம்பது நாள். ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் பச்சைப் புள்ளி பின்னாடியே ஓடினோம். நாங்க மேட்டுல ஏறினா அது பள்ளத்துல இருக்கும். மூணாம் நாள் தார் ரோட்டுல மணிக்கு நாப்பது மைல் வேகத்துல போச்சு.

"என்ன ஓட்டம் ஓடுது பார்த்தியாடா!"ன்னான் ஆரின், மூச்சு வாங்க.

"வளைவு வந்தா வேகத்தைக் குறைக்குது. புத்திசாலி"ன்னேன் நான்.

எட்டாம் நாள் ஆரினோட முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "சுட வேண்டாம்டா. கண்ணால ஒரு தடவை பார்த்துட்டா போதும். நாளைக்கு வெர்னா ஓட்டலுக்குப் பின்னாடி போய் நிப்போம்."

கடைசி நாள், பன்னெண்டே கால். உப்புக் கிடங்கு ஓரமா, ஊருக்குள்ள சுடக் கூடாதுன்னு துப்பாக்கியை வண்டியில வெச்சுட்டு, போனைப் பார்த்துக்கிட்டு நின்னோம். பச்சைப் புள்ளி வந்துச்சு. அரை மைல். இருநூறு கெஜம். அம்பது. ஆரின் தொப்பியைக் கழட்டிட்டான்.

பத்து கெஜம்.

காட்டுல ரோந்து போற துறை வார்டன் டேரல் ப்ரீவிட்டோட பிக்கப் வண்டி திரும்பி வந்து நின்னுச்சு. டேரல் இறங்கி, எங்களைப் பார்க்காம டோனட் சாப்பிட ஓட்டலுக்குள்ள போயிட்டான். புள்ளி அங்கயே நின்னுச்சு.

ஆரின் நொண்டிக்கிட்டே போய் வண்டி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தான். பக்கத்து சீட்டுல மூஸ் கழுத்துப் பட்டை உக்காந்திருந்துச்சு. சீட் பெல்ட் போட்டிருந்தது.

டேரல் வாயெல்லாம் சர்க்கரையோட ஓடி வந்தான். "பெல்ட் போடலைன்னா வண்டி கீக்கீன்னு கத்துது சார்."

"மூஸ் எங்கடா?"

"பக்கத்து மாநிலத்துக்குப் போயிடுச்சு. பதினோரு வருஷம் ஆச்சு. பட்டை கழண்டு எல்லைக் கம்பியில தொங்குச்சு. மேலிடத்துக்கு எழுதினேன். 'சிக்னல் வருதா?'ன்னு கேட்டாங்க. வருதுன்னேன். 'அப்ப எண்ணிக்கை நிலையா இருக்கு'ன்னு பதில் வந்துச்சு."

"இருபத்தொம்பது வருஷம்டா! பத்திரிகைக்காரன்கிட்ட போறேன் பாரு!"

"போங்க சார்." டேரல் விரலை நக்கினான். "நாளைக்கு நாலாயிரம் பேரோட புள்ளியும் செல்லாக்காசு. அந்தக் காசுலதான் மீன் பண்ணைக்குத் தீவனம், திருட்டு வேட்டைக்கு ரோந்து, எனக்குச் சம்பளம். இவருக்கு எத்தனை புள்ளி?"

"பத்தொம்பது"ன்னேன்.

ஆரின் என்னைப் பார்த்தான். நான் உப்பைப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் யோசிங்க சார்"ன்னான் டேரல், ரொம்ப மரியாதையா. "மூஸைத் தப்ப விட்டவன்னா ஊர்ல காப்பி வாங்கிக் கொடுப்பாங்க. இல்லாத மூஸுக்கு இருபத்தொம்பது வருஷம் காத்திருந்தவன்னா என்ன வாங்கிக் கொடுப்பாங்க?"

சாயங்காலம் கடை நிறைய கூட்டம். "என்னாச்சு ஆரின்?"னு எல்லாரும் ஒரே குரல்ல கேட்டாங்க.

ஆரின் உக்காந்தான். முட்டியைத் தடவினான். சுத்தி இருக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான்.

"மயிரிழையில தப்பிடுச்சு"ன்னான்.

மெர்ல் எழுந்து வந்து அவன் தோள்ல கை வெச்சான். "எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"கிழக்கால."

"எனக்கும் கிழக்காலதான்"ன்னான் மெர்ல். வேய்ன் ஆரினுக்குக் காப்பி ஊத்தினான்.

கொம்பு ஆறடி அகலம்னு ஆரின் சொன்னான். அடுத்த காப்பிக்கு ஏழடி ஆச்சு. ஏழடிதான், நானும் பார்த்தேன்னு சாட்சி சொன்னேன்.

லோர்னா மறுநாளே சுவத்துல நாள்காட்டி மாட்டிட்டா. துறை இலவசமாக் கொடுத்தது, பன்னெண்டு மாசத்துக்கும் மூஸ் படம்.

மார்ச் மாசம் ஆண்டறிக்கை வந்துச்சு. "பதினோரு வேட்டைகளில் தொடர்ந்து உயிர் தப்பியுள்ள மேற்படி மூஸின் அசாதாரண அறிவைக் கருத்தில் கொண்டு, அதன் கூடுதல் பாதுகாப்புக்காக அனைத்துக் கட்டணங்களும் உயர்த்தப்படுகின்றன." விண்ணப்பம் திறந்த முதல் நாளே கடை வாசல்ல வரிசை. முதல் ஆளா ஆரின் நின்னான், மறுபடியும் பூஜ்யத்துல இருந்து.

"யோவ், உனக்குமா?"ன்னேன் காதோட.

"திரும்பி வராதுன்னு என்ன நிச்சயம்?"னான்.

அவனுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்துட்டு, யாரும் பார்க்காதப்போ எனக்கும் ஒண்ணு போட்டுக்கிட்டேன். இருபதாவது புள்ளி. இதை இப்ப விட முடியாது பாருங்க. எனக்கு முன்னாடி இருந்த நூத்திப் பதினோரு பேர்ல ஒருத்தன் குறைஞ்சிருக்கான்.