உறவு மேலாளர் என்ன முறை வேண்டும்?

ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் மூர்த்தி என்று ஒரு வேன்காரர் இருக்கிறார். செனாய் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றி இறக்குவது அவர் தொழில். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். அவரிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு. அவருக்கு ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் இருந்தது.

இது ஒரு குறையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தாமானில் கேட்க முடியாது. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் வங்கியின் செயலி படுத்த படுக்கையானதிலிருந்து, வீட்டுக்கு ஒரு பேக்கப் கணக்கு என்பது மரியாதையான குடும்பத்தின் அடையாளமாகிவிட்டது. அதிலும் ஓடி வைத்த பேக்கப் கணக்கு என்றால் அந்த வீட்டில் தாராளமாகப் பெண் எடுக்கலாம். ஓடி என்றதும் யாரும் எங்கும் ஓடிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓவர்டிராஃப்ட் என்பதைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். கணக்கில் இல்லாத பணத்தை எடுத்துக்கொள்ளும் வசதி அது.

கோயில் அன்னதானத்தில் மூர்த்தியின் மனைவி புஷ்பவள்ளியைப் பார்த்தால் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "உங்களுக்கு ஒன்னுதானாக்கா?"

"ஒன்னு போதும்னு இருக்கோம்."

"நாங்களும் மொதல்ல அப்படித்தான் இருந்தோம்," என்று சொல்லி, அவள் இலையில் ஒரு கரண்டி பாயாசம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போவார்கள்.

இப்படி இருக்கையில் மூர்த்தியின் வேனுக்கு கியர்பாக்ஸ் போயிற்று. போகும் என்று அவருக்கு முன்பே தெரியும். அது முனகத் தொடங்கிய நாளிலிருந்து வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, பழுதுக்கென்று பணம் சேர்த்து வைத்திருந்தார். வொர்க்‌ஷாப் முதலாளி தவுக்கே ஆ செங் வேலையை முடித்துவிட்டு, "டுவிட் டூலு," என்றார். பணம் முதலில், வேன் பிறகு. ஃபேக்டரிக்காரர்களும் தங்கள் பங்குக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வேன் வாசலில் நிற்காவிட்டால் காண்ட்ராக்ட் வேறு வேனுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை காலை மூர்த்தி தவுக்கேக்குப் பணம் அனுப்பக் கைப்பேசியைத் திறந்தார். திரையில் ஒரு பூட்டுப் படம் வந்தது. கீழே, 'உங்கள் பாதுகாப்பிற்காக உங்களிடமிருந்து உங்கள் கணக்கு பாதுகாக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் மலாயில் இரண்டு வரி.

புருஷனும் பெண்டாட்டியும் வங்கிக்கு விரைந்தார்கள். அங்கே தீபாவளிச் சலுகைக்காக ஒரு மேசை போட்டு, அதன்மேல் தமிழில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். தீபாவளி போய் வெகுநாளாகியும் பலகை போகவில்லை. 'ரூபேந்திரன், உறவு மேலாளர்' என்று அதில் எழுதியிருந்தது. பலகைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர். அவருக்கு இடப்பக்கம் ஒரு கணினி, வலப்பக்கம் ஒரு கணினி, நடுவில் சுழலும் நாற்காலி.

ரூபேந்திரன் இடப்பக்கம் திரும்பி, கணக்கைப் பார்த்து, உச்சுக் கொட்டினார்.

"அலமாக், அண்ணே. பெரிய பிரச்சினைண்ணே. உங்க கணக்குல பணம் இருக்கு."

"ஆமாம் தம்பி, என் பணந்தான்."

"அது சரிண்ணே. ஆனா மாசப் பாதிக்கு அப்புறமும் இருக்கு. வருஷக்கணக்கா பத்தாந்தேதிக்கெல்லாம் தொடச்சு வச்ச மாதிரி இருந்த கணக்குண்ணே இது. திடீர்னு மூனு மாசமா மிச்சம் நிக்குது. இது இவர் குணம் இல்லையே, வேற யாரோ உள்ள பூந்துட்டாங்கன்னு சிஸ்டம் பயந்துருச்சு."

"கியர்பாக்ஸுக்காகச் சேத்தேன் தம்பி!"

"சேத்தீங்கன்னு நீங்க சொல்றீங்க. சேக்கிற ஆளு இல்லன்னு உங்க கணக்கு சொல்லுது. பேங்க் யாரை நம்பும், சொல்லுங்க?"

தன் குணத்தைப் பற்றித் தன்னைவிட நன்றாகத் தெரிந்த ஓர் இயந்திரத்திடம் மூர்த்தி என்ன வாதாடுவார்?

"எப்ப தம்பி திறப்பாங்க?" என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"விசாரணை முடியணும்க்கா. ரெண்டு மாசம். கவலைப்படாதீங்க, உங்க பணம் பத்திரமா இருக்கு. உங்களால கூட எடுக்க முடியாது."

"திங்கக்கெழம வேன் வேணுமே!"

இந்த இடத்தில் ரூபேந்திரன் முகம் மலர்ந்தது. நாற்காலியை வலப்பக்கம் சுழற்றினார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் அப்போதுதான் உள்ளே நுழைந்ததுபோல் எழுந்து கைகுலுக்கினார்.

"வாங்க, வணக்கம்! பேக்கப் கணக்கு திறக்க வந்தீங்களா? ஓடியோட தர்றோம்."

"இப்பத்தானே தம்பி பேசிக்கிட்டு இருந்தோம்?"

"அந்தப் பக்கம் உக்காந்தா நான் பாதுகாப்பு, அண்ணே. இந்தப் பக்கம் உக்காந்தா உறவு."

மூர்த்தி மெதுவாகக் கேட்டார். "என் பணம் அந்தப் பக்கத்துல கெடக்கு. அதை எடுக்க முடியாது. இந்தப் பக்கத்துல இல்லாத பணத்தை வட்டிக்கு எடுக்கலாம். அப்படித்தானே?"

"நீங்க ரொம்ப சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டீங்கண்ணே. சில பேருக்கு இதைச் சொல்லி முடிக்கவே மத்தியானம் ஆயிரும்."

விதிமுறை விதிமுறைதானே. மனுதாரர் நம்பத்தகுந்தவரா என்று உறவுப் பிரிவு பாதுகாப்புப் பிரிவைக் கேட்க வேண்டும். ரூபேந்திரன் வலப்பக்கம் அமர்ந்து கேள்வியைத் தட்டினார். இடப்பக்கம் சுழன்று, கேள்வியைப் படித்து, மோவாயைத் தடவி யோசித்தார். பிறகு, 'பணம் மிச்சம் வைத்தது நீங்கலாக இவர்மீது வேறு குற்றச்சாட்டு இல்லை' என்று பதில் தட்டினார். மறுபடி வலப்பக்கம் வந்து அதைப் படித்து, "அப்பாடா, நல்ல ரிப்போர்ட்டா வந்திருக்கு," என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

"இன்னும் ஒன்னுதான் பாக்கி. ஜாமீன் போட ஒரு ஆளு வேணும். மாசா மாசம் வருமானம் உள்ளவரா இருக்கணும், சொந்தக்காரரா இருக்கணும். இன்னைக்கு நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்."

மூர்த்திக்கு ஒரே தம்பி. சிங்கப்பூரில் வேலை. எல்லைப் பாலத்தில் நிற்கும் கூட்டத்தைத் தாண்டி அவன் வருவதற்குள் வங்கியை மூடிவிடுவார்கள். மூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். புஷ்பவள்ளி மட்டும் மேசைமேல் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீங்க உறவு மேலாளர்தானே?"

"ஆமாங்க்கா."

"என்ன முறை?"

"எது?"

"நமக்குள்ள என்ன முறைன்னு கேக்குறேன். நீங்க எந்தப் பக்கத்து உறவு?"

ரூபேந்திரன் சிரித்தார். "அக்கா, இது பேங்க் உறவு லா."

"யாருக்கும் யாருக்கும்?"

"உங்களுக்கும் பேங்குக்கும்."

"இங்க பேங்குன்னா யாரு?"

"இப்போதைக்கு... நான்தான்."

"அப்ப எங்களுக்கும் உங்களுக்கும்தான். சொந்த ஊர் எது?"

"கோத்தா திங்கி."

"கோத்தா திங்கியா! எங்க சின்னம்மாவக் கட்டிக் கொடுத்த ஊராச்சே. வெள்ளத்துல வீடு முங்கினப்போ ஸ்கூல் மண்டபத்துலதான் எல்லாரும் படுத்துக் கெடந்தாங்க. நீங்களும் அங்கதானே கெடந்தீங்க?"

"கெடந்தேன்... சின்னப் புள்ளயா இருந்தேன்."

"பாத்தீங்களா? ஒரே கூரைக்குக் கீழ, ஒரே குடும்பமா இருந்திருக்கீங்க. நீங்க எனக்குத் தம்பி முறை. இவருக்கு மச்சான். ஏங்க, மச்சானக் கும்பிடுங்க."

மூர்த்தி கும்பிட்டார்.

ரூபேந்திரன் மறுத்திருக்கலாம். ஆனால் அந்த மாத இலக்குக்கு அவருக்கு ஒரு கணக்கு குறைந்தது. தவிர, பலகையில் இருப்பது அவர் பெயர். அதன் கீழே இருப்பது உறவு. இல்லை என்று சொன்னால் வங்கி பொய்ப் பலகை வைத்ததாக ஆகிவிடும். நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் பொருட்டு, தன் பெயரை ஜாமீன்காரர் கட்டத்தில் நிரப்பி, உறவுமுறை என்ற இடத்தில் 'மைத்துனர்' என்று அழுத்தினார்.

சிஸ்டம் அவருடைய கணக்கைத் துருவியது. சம்பளம் வருகிறது, வந்த அன்றே போகிறது. கார் தவணை, வீட்டுத் தவணை, கைப்பேசித் தவணை எல்லாம் அதைப் பிய்த்துக்கொண்டு போகின்றன. ஒரு காசு இரவு தங்கியதில்லை. சிஸ்டம் மனமுவந்து பச்சை விளக்கு காட்டியது. 'நடத்தை: மிகச் சிறப்பு.'

திங்கட்கிழமை காலை வேன் செனாயில் நின்றது. காண்ட்ராக்ட் பிழைத்தது.

அந்த வாரமே மூர்த்திக்கு ஒரு செய்தி வந்தது. 'நீங்கள் இப்போது கடனில் இருக்கிறீர்கள். உங்கள் நிலைமை வழக்கத்திற்குத் திரும்பியதில் மகிழ்ச்சி. கணக்கின் பூட்டு அகற்றப்பட்டது.' உள்ளே இருந்த பணத்தில் ஓடியின் முதல், வட்டி, திறப்புக் கட்டணம், பூட்டியதற்கான பராமரிப்புக் கட்டணம் எல்லாம் தானாகக் கழிந்து, கணக்கு தொடச்சு வச்ச மாதிரி ஆயிற்று. நன்னடத்தைக்காக ஒரு தண்ணீர் போத்தலும் வீடு தேடி வந்தது. அடுத்த அன்னதானத்தில் புஷ்பவள்ளிக்கு யாரும் பாயாசம் கூட்டி ஊற்றவில்லை. "ஓடியோடவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இலக்கை எட்டியதற்காக ரூபேந்திரனுக்கு வங்கி போனஸ் போட்டது. அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் செலவழிக்க வீட்டில் ஆளில்லை. பணம் அப்படியே தங்கியது. சிஸ்டம் பதறிப் பூட்டியது. சொந்தக் கணக்கின் பூட்டைச் சொந்தமாகத் திறக்கக் கூடாதென்பது விதி. அதனால் அவர் இடப்பக்கம் திரும்பியும் பயனில்லை, வலப்பக்கம் திரும்பியும் பயனில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் ரூபேந்திரன் மூர்த்தி வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஆரஞ்சுப் பழங்கள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"அட, தம்பியா! வா வா. ஏங்க, மச்சான் வந்திருக்கு!"

விஷயத்தைக் கேட்ட மூர்த்தி ஜாமீன் படிவத்தை வாங்கிப் பேனாவை எடுத்தார். "மச்சான், உன் கணக்குல பணம் இருக்குன்னா, நீ சந்தேகப்பட வேண்டிய ஆளாச்சே?"

"மாமா, நீங்களுமா?"

"சும்மா கேட்டேன் லா," என்று கையெழுத்துப் போட்டார்.

இன்று மூர்த்திக்கு ரூபேந்திரன் ஜாமீன். ரூபேந்திரனுக்கு மூர்த்தி ஜாமீன். இருவரிடமும் ஒன்றுமில்லை. இவ்வளவு உறுதியான வாடிக்கையாளர்கள் தங்கள் கிளையில் வேறு யாருமில்லை என்று வங்கி இருவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறது.

எங்கள் தாமானில் இப்போது விழிப்புணர்வு பரவிவிட்டது. மாதம் பாதியாவதற்குள் அவரவர் கணக்கைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறோம். யாராவது மிச்சம் வைத்திருப்பதாகத் தெரிந்தால் அந்த வீட்டோடு கொஞ்சம் தள்ளியே பழகுகிறோம். நேற்று என் கணக்கிலும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோய், உடனே ஓடிப்போய் ஓர் ஏர் ஃபிரையர் வாங்கி வந்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் கணக்கில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பதற்றப்படாதீர்கள். முதலில் உங்களுக்குச் சொந்த ஊர் எது, அதைச் சொல்லுங்கள். நாம் என்ன முறை என்று பேசிக்கொள்ளலாம்.